திட்டாதீங்க, முதலில் 1930-க்கு போன் போடுங்க



போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு பேச்சு வந்தது. நண்பன் ஒருவனுடைய மாமா, போனில் வந்த ஏதோ ஒரு அழைப்பை நம்பி 2 லட்சம் ரூபாயை விட்டுவிட்டாராம். அவன் சொல்லி முடிக்கவில்லை, பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இன்னுமாடா இதையெல்லாம் நம்புறாங்க?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சொன்னவனும் அசடு வழியச் சிரித்தான்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது. இதே கேள்வியை ஒன்றரை வருடத்துக்கு முன்பு எங்கள் தாத்தாவிடம் நானும் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டதற்கு எங்கள் வீடு ஒரு விலை கொடுத்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தாத்தா ஏமாந்த கதை

தாத்தா (அம்மாவின் அப்பா) உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வட்டி, தவணை, பென்ஷன் அரியர் என்று எந்தக் கணக்காக இருந்தாலும் எங்கள் தெருவில் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். அவருக்கு ஒரு நாள் சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது. போன மாத கரண்ட் பில் கட்டியது பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும் என்று. கீழே ஒரு செல் நம்பர்.

பில் ஏற்கனவே கட்டியாகிவிட்டது. ரசீது அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதுவுமில்லாமல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கட்டுகிறோம். "போன மாத பில்" என்று எங்கள் வீட்டுக்கு ஒன்று கிடையவே கிடையாது. ராத்திரி ஒன்பதரை மணிக்கு எந்த லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கப் போகிறார்? இதையெல்லாம் இப்போது உட்கார்ந்துகொண்டு பெரிய அறிவாளி மாதிரி எழுதுகிறேன் :-) ஆனால் அன்றைக்கு பாட்டிக்கு மூச்சுத் திணறல். ராத்திரி நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பில் தாத்தா அந்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

எடுத்தவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசியிருக்கிறான். "சார், நீங்க கட்டினது எங்க சிஸ்டத்துல ஏறல. பயப்படாதீங்க, ஒரு 10 ரூபா கட்டினா அப்டேட் ஆயிடும். நான் லைன்லயே இருக்கேன், போனை மட்டும் வெச்சுடாதீங்க." உதவிக்கு என்று சொல்லி ஒரு ஆப்பை இறக்க வைத்திருக்கிறான். நம் போன் திரையில் தெரிவதை அப்படியே அடுத்தவனுக்குக் காட்டும் ஆப் அது. தாத்தா 10 ரூபாய் கட்டுவதற்காக டெபிட் கார்டு நம்பரை அடித்தார். கார்டின் பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்க எண்ணை அடித்தார். ஓ.டி.பி. வந்தது. எல்லாவற்றையும் அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துக்கொண்டான்.

கவனியுங்கள். தாத்தா யாரிடமும் ஓ.டி.பி.யைச் சொல்லவில்லை. "ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் விதியை அவர் மீறவே இல்லை!

முதலில் 49,000. பிறகு 25,000. பிறகு 13,000. மொத்தம் 87,000 ரூபாய், பத்தே நிமிடத்தில்.

அதற்குப் பிறகு நடந்தது

தாத்தா நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்புக்கில் என்ட்ரி போட நான் பேங்குக்குப் போனபோதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா கத்தினாள்: "ஊருக்கெல்லாம் கணக்கு சொல்ற மனுஷன், இப்படியாப்பா ஏமாறுவீங்க?" நான் என் பங்குக்கு, "இன்னுமா தாத்தா இதையெல்லாம் நம்புறீங்க?" என்றேன். சித்தி போனிலேயே திட்டினாள். அடுத்த இரண்டு நாட்களில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது.

எல்லாரும் திட்டி முடித்தபிறகுதான் 1930-க்கு போன் செய்தோம். அதற்குள் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போயிருந்தது. ஒரு கணக்கில் மிச்சமிருந்த 6,200 ரூபாயை மட்டும் நிறுத்தி வைக்க முடிந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்று வாரம் கழித்து தாத்தாவுக்கு இன்னொரு அழைப்பு. "சைபர் கிரைம்ல இருந்து பேசறோம் சார். உங்க 87,000 ரூபாயைப் பிடிச்சுட்டோம். 8,500 ரூபா சார்ஜ் கட்டினா உங்க கணக்குக்கு வந்துடும்." தொகையைச் சரியாகச் சொல்கிறானே, அப்படியென்றால் போலீஸாகத்தான் இருக்க வேண்டும் என்று தாத்தா நினைத்தார். (எடுத்தவனுக்குத் தெரியாதா எவ்வளவு எடுத்தோம் என்று?) கட்டிவிட்டார். இந்தத் தடவை இரண்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

"ஏன் தாத்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "போன தடவை சொன்னேனே, என்ன கிடைச்சுது? எப்படியாவது அந்தப் பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வெச்சுட்டா உங்க வாயை அடைச்சுடலாம்னு நினைச்சேன்" என்றார்.

முதல் 87,000-ஐ எடுத்தது அந்தத் திருடன். ஆனால் இரண்டாவது 8,500 போனதில் எங்கள் வாய்க்கும் பங்கு உண்டு. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

முட்டாள்கள்தான் ஏமாறுகிறார்களா?

ஒரு காலத்தில், "ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிடுச்சு சார், கார்டு மேல 16 நம்பர் சொல்லுங்க" என்று அரைகுறைத் தமிழில் யாராவது கூப்பிடுவார்கள். ஜார்க்கண்டில் ஜாம்தாரா என்ற ஊரே இந்த மாதிரி அழைப்புகளுக்குப் பேர்போனதாக இருந்தது. நாமும் அவன் தமிழைக் கிண்டல் செய்து மீம்ஸ் போட்டு மகிழ்ந்தோம். அந்த மிதப்பு நமக்கு இன்னும் போகவில்லை. இப்போது கூப்பிடுகிறவன் நம் பேர், முகவரி எல்லாம் தெரிந்துகொண்டு, சுத்தமான தமிழில் பேசுகிறான்.

பஞ்சாபில் வர்தமான் குழுமம் என்ற பெரிய ஜவுளி நிறுவனத்தின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால். 2010-ல் பத்மபூஷண் வாங்கியவர். 2024 ஆகஸ்டில் சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு ஒரு கும்பல் அவரைப் பிடித்தது. வீடியோவில் ஒரு போலி உச்ச நீதிமன்றத்தையே நடத்தினார்கள். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் என்று ஒருவன் நடித்தான். 7 கோடி ரூபாய் போனது. நாடு முழுக்க ஆலைகளை நடத்துகிற மனிதர் அவர். படிப்பு, அனுபவம், ஆள்பலம் எதில் குறைச்சல்?

மொத்தக் கணக்கையும் பாருங்கள். இணையவழி, போன்வழி பண மோசடிகளில் நாட்டு மக்கள் இழந்த தொகை 2023-ல் சுமார் 7,465 கோடி, 2024-ல் சுமார் 22,845 கோடி என்று உள்துறை அமைச்சகம் 2025-ல் நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டு இந்திய எண் மாதிரி காட்டும் போலி அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை ஒரு அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அது தடுத்தது 1.35 கோடி அழைப்புகள்! இவ்வளவு பெரிய தொழிலை, "பேராசைக்காரன் ஏமாந்தான்", "படிக்காதவன் ஏமாந்தான்" என்று ஒரு வரியில் தள்ளிவிட முடியுமா? பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவனிடம் ஏமாறுவதில் கொஞ்சம் ஆசை இருக்கலாம். 10 ரூபாய் பாக்கியைக் கட்டப் போன தாத்தாவிடம் என்ன பேராசை இருந்தது?

எல்லா அழைப்பிலும் வரும் ஒரே வசனம்

தாத்தா விஷயத்துக்குப் பிறகு இந்த மாதிரி செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். கரண்ட் பில், கூரியரில் போதைப்பொருள், சிம் கார்டு முடக்கம், மகனைக் கைது செய்துவிட்டோம் என்று வேஷம் பலவிதம். ஆனால் ஒரு வசனம் மட்டும் மாறுவதே இல்லை. "போனை வைக்காதீங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பயத்தில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு நிமிடம் பேசினால் போதும், "என்னங்க இது, கேட்கவே ஒரு மாதிரி இருக்கே" என்று அவர் சொல்லிவிடுவார். மொத்த நாடகமும் அங்கேயே முடிந்துவிடும். அதனால் ஆளைத் தனிமைப்படுத்துவதுதான் மோசடிக்காரனின் முதல் வேலை.

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்ற பெயரில் வீடியோ காலிலேயே மணிக்கணக்கில், நாள்கணக்கில் உட்கார வைப்பதும் இதற்குத்தான். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று தன் மாதாந்திர வானொலி உரையில் இதைச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 2025-ல் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்து, டிசம்பர் 1 அன்று சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது. அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவைப் பாருங்கள். கைதாகிறவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வக்கீலைக் கலந்து பேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அதாவது நிஜ போலீஸ் கைது செய்தால் நீங்கள் இன்னொருவரோடு பேச உரிமை உண்டு. "யாரிடமும் பேசாதே" என்று ஒருவன் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்திலேயே அவன் போலீஸ் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். மோசடிக்காரன், "யாருக்கும் சொல்லாதே" என்கிறான். நாமோ, சொன்னால் சிரிக்கிறோம், திட்டுகிறோம், சொந்தக்காரர்களிடம் பரப்புகிறோம். அடுத்த தடவை அவர்கள் சொல்லவே மாட்டார்கள். அவன் ஆரம்பித்த வேலையை நாம் முடித்து வைக்கிறோம், அதுவும் சம்பளம் இல்லாமல்!

"அப்படியென்றால் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லவே கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் ஏமாறுவதற்கு முன்னால் சொல்லுங்கள். ஏமாந்த பிறகு சொல்வது எச்சரிக்கை ஆகாது, குத்திக் காட்டுவதுதான்.

ஒரு மணி நேரத்தின் மதிப்பு

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. பண விஷயமும்கூட. 1930 என்பது சைபர் பண மோசடிகளுக்கான தேசிய உதவி எண். நீங்கள் அழைத்து விவரம் கொடுத்ததும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் அடுத்த வங்கிக்குப் போகும். அதாவது பணத்துக்கும் புகாருக்கும் ஓட்டப்பந்தயம். நாம் வீட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓஸ்வால் வெட்கப்பட்டு மறைக்காமல் புகார் கொடுத்தார். அவருடைய 7 கோடியில் ஐந்தேகால் கோடியை போலீஸ் மீட்டது. தாத்தாவுக்கு நிறுத்தி வைக்க முடிந்தது 6,200 ரூபாய். இரண்டு வழக்கும் ஒன்றில்லைதான். ஆனாலும் நான்கு நாள் மௌனத்தின் விலை என்னவென்று எனக்குப் புரிந்தது.

இந்தப் பந்தயத்தில் பணம் ஓடுகிற பாதை எது தெரியுமா? நம் வயதுப் பசங்களின் பேங்க் கணக்கும் அதில் உண்டு. "உன் அக்கவுண்டையும் ஏடிஎம் கார்டையும் ஒரு மாசம் குடு, 5,000 ரூபா தர்றேன்" என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். யாரோ ஒரு தாத்தாவின் பணம் அந்த வழியாகத்தான் போகும். போலீஸ் முதலில் வந்து நிற்பதும் உங்கள் வீட்டு வாசலில்தான்.

என்ன செய்யலாம்?

நான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருப்பவை இவை:

1. போனை வைத்துவிடுங்கள். நம் பெரியவர்களுக்கு, பேசிக்கொண்டிருப்பவரை வெட்டிவிட்டு வைப்பது மரியாதைக் குறைவு. அந்த மரியாதையைத்தான் அவன் பயன்படுத்துகிறான். நிஜமான அதிகாரி என்றால், நீங்களே ஆபீஸுக்குத் திருப்பிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2. அவன் கொடுத்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடாதீர்கள். கார்டின் பின்புறம், பாஸ்புக், பழைய பில் இவற்றில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

3. கணக்கு சம்பந்தமாக வாடிக்கையாளர்களைக் கூப்பிட 1600 என்று தொடங்கும் எண்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொன்னது. சாதாரண 10 இலக்க செல் நம்பரிலிருந்து "பேங்க் மேனேஜர்" கூப்பிட்டால் சந்தேகப்படுங்கள்.

4. போனில் பேசுகிறவன் சொல்லி எந்த ஆப்பையும் இறக்காதீர்கள். நட்சத்திரக் குறியில் ஆரம்பிக்கும் எந்த எண்ணையும் அவன் சொல்லி அழுத்தாதீர்கள். நமக்கு வரும் அழைப்புகளை அவன் போனுக்குத் திருப்பிவிடும் குறியீடாக அது இருக்கலாம். தெரியாமல் அழுத்திவிட்டால் ##002# அழுத்தி அதை ரத்து செய்யலாம்.

5. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பின்னை அடித்தால் பணம் போகும், வராது.

6. பணம் போய்விட்டதா? முதலில் 1930, கூடவே உங்கள் வங்கி. தொகை, நேரம், பரிவர்த்தனை எண் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். இழந்த பணத்தை மீட்டுத் தர "கட்டணம்" கேட்பவன் அடுத்த திருடன்.

7. இதுதான் முக்கியம். இன்று ராத்திரியே அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரிடமும் சொல்லுங்கள்: "எவ்வளவு போனாலும் பரவாயில்லை. உடனே என்கிட்ட சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்." சொல்வது சுலபம். நிஜமாகவே பணம் போன அன்று அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

தாத்தாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "போடா, அதெல்லாம் எதுக்கு" என்று சொல்லிவிட்டார். ஆனால் போன மாதம் ஒரு மத்தியானம், கிளாஸ் நடந்துகொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன். வெளியே ஓடி வந்து எடுத்தேன். "டேய், ஒருத்தன் கூப்பிட்டு என் சிம் கார்டை நிறுத்தப் போறேங்கறான். நான், இரு என் பேரன்கிட்ட கேட்டுட்டு வரேன்னு சொன்னேன், அவனே வெச்சுட்டான்" என்றார். குரலில் ஒரு சின்னப் பெருமை.

கடைசியாக ஒன்று. அன்று பஸ்ஸில் இருந்து இறங்கியதும் அந்த நண்பனுக்கு போன் செய்தேன். "மாமா புகார் குடுத்துட்டாராடா?" என்று கேட்டேன். "இல்லடா, மூணு நாளாச்சு. வெளியே தெரிஞ்சா அசிங்கம்னு வேண்டாங்கறார். நானும் கிளாஸ்ல சொல்லியிருக்கக் கூடாது" என்றான். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, தாத்தா கதையை முழுக்கச் சொன்னேன். அன்று ராத்திரியே அவன் மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து 1930-க்கு அழைத்துவிட்டான்.

மூன்று நாள் தாமதம்தான். பணம் வருகிறதோ இல்லையோ, இனிமேல் மாமாவுக்கு ஒரு சந்தேகமான அழைப்பு வந்தால் அவனைத்தான் கூப்பிடுவார். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது.